ஆல்டேர் 8800-க்கு வீட்டில் ஒரு பெட்டி: தகடா, பலகையா, முப்பரிமாண அச்சா?

1975 ஜனவரி மாத பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் உலகம் முதன்முதலாகப் பார்த்த ஆல்டேர் 8800 என்ற கணினி உண்மையில் ஒரு வெற்றுப் பெட்டி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரில் இயங்கிய எம்.ஐ.டி.எஸ். நிறுவனம், தான் உருவாக்கிய மாதிரிக் கணினியை நியூயார்க்கிலிருந்த இதழ் அலுவலகத்துக்கு ரயில் பார்சலில் அனுப்ப, அது வழியிலேயே தொலைந்துபோனது. இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டதால், முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும் பொருத்திய, உள்ளே கணினி இல்லாத பெட்டியொன்றே படத்துக்கு நின்றது. அந்த வகையில், ஆல்டேருக்குப் போலிப் பெட்டி செய்வதைத் தொடங்கிவைத்தவர்கள் அதைக் கண்டுபிடித்தவர்களேதான். இன்று வீட்டில் ஒன்றைச் செய்ய நினைப்பவர் அதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை.

இந்தக் காலத்தில் ஆல்டேரைத் திரும்பச் செய்பவர்களுக்கு மின்னணுப் பகுதி பெரிய தடையாக இருப்பதில்லை. மூலக் கணினியின் இன்டெல் 8080 செயலி 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. ஆர்டுயினோ டியூ என்ற சிறு மின்னணுப் பலகையின் 84 மெகாஹெர்ட்ஸ் செயலி அந்த 8080-இன் கட்டளைகள் அனைத்தையும் மென்பொருளாலேயே நிறைவேற்றிக் காட்டிவிடுகிறது; அதற்கான நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆல்டேரின் தாய்ப்பலகையில் செருகப்படும் பழைய எஸ்-100 அட்டைகளைத் தேடிப் பிடித்து உண்மையான கணினியாகவே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இதையெல்லாம் எதற்குள் வைப்பது? பட்டறையில் தகட்டை மடித்துப் பெட்டி செய்யலாம், ஆயத்தப் பெட்டி ஒன்றை வாங்கித் திருத்தலாம், பிளைவுட்டில் அடிக்கலாம், முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கலாம், அக்ரிலிக்கை லேசரில் வெட்டி ஒட்டலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்டேரைப் பொறுத்தவரை முகப்புதான் கணினி. மற்ற ஐந்து பக்கங்களும் அந்த முகப்பைத் தாங்கிப் பிடிக்கும் கூடு. எனவே முகப்புக்கு என்ன தேவை என்பதைப் பார்த்துப் பெட்டியின் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, பெட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு முகப்பை அதற்குள் திணிக்கக் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்து, அழகான பெட்டியும் ஆடும் சுவிட்சுகளுமாக முடிந்த நகல்கள் நிறைய உள்ளன.

மூலப் பெட்டி எப்படி இருந்தது

மூல ஆல்டேர் ஏறத்தாழ 17 அங்குல அகலமும் 18 அங்குல ஆழமும் 7 அங்குல உயரமும் கொண்டது. சென்டிமீட்டரில் சொன்னால் 43, 46, 18. பெட்டியை எம்.ஐ.டி.எஸ். தானே வடிவமைக்கவில்லை. ஆப்டிமா என்ற பெயரில் விற்பனையில் இருந்த, கருவிகளுக்கான பொதுவான உலோகப் பெட்டியை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டது. செயலி மட்டுமே சில்லறை விலையில் 360 டாலருக்கு விற்ற காலத்தில், முழுக் கணினியையும் 400 டாலரை ஒட்டிய விலையில் பாகங்களாகத் தர முனைந்த எம்.ஐ.டி.எஸ். தலைவர் எட் ராபர்ட்ஸ் பெட்டிக்கென்று தனி அச்சு செய்யச் செலவழித்திருந்தால்தான் வியப்பு.

அந்த அளவுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆய்வகங்களிலும் சர்வர் அறைகளிலும் கருவிகளை அடுக்கி மாட்ட இன்றுவரை புழங்கும் 19 அங்குல ரேக் சட்டத்தில் ஓர் உயர அலகு 44.45 மில்லிமீட்டர், நான்கு அலகுகள் 177.8 மில்லிமீட்டர், அதாவது சரியாக 7 அங்குலம். ரேக்கில் திருகி மாட்டுவதற்காக இருபுறமும் நீட்டிய காதுகளைக் கழித்துவிட்டால் அதில் நுழையும் பெட்டியின் உடல் அகலமும் ஏறக்குறைய 17 அங்குலமே. அரை நூற்றாண்டுக்கு முந்திய கணினியின் பெட்டி அளவு இன்றும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் அன்றாடம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். இதைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

முகப்பில் 36 சிவப்பு எல்.இ.டி. விளக்குகளும் 25 நெம்புச் சுவிட்சுகளும் இருந்தன. விளக்குகளில் 16 முகவரிக்கும் 8 தரவுக்கும் உரியவை. மீதமுள்ள 12 விளக்குகள் செயலியின் நிலையைக் காட்டுபவை. சுவிட்சுகளில் 16 முகவரியையும் தரவையும் அமைப்பதற்கு, 8 கட்டுப்பாட்டுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. முகவரிச் சுவிட்சுகள் எட்டை அடியாகக் கொண்ட ஆக்டல் எண்முறைக்கு ஏற்ப மும்மூன்றாகப் பிரிந்து நிற்கும். இடக்கோடியில் 15-ஆம் எண் மட்டும் தனித்திருக்கும். இந்தச் சிறு இடைவெளிகளை விட்டுவிட்டு 16 சுவிட்சுகளையும் ஒரே சீராக அடுக்கிய நகலைப் பழகியவர்கள் பார்த்த கணத்திலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

சுவிட்சுகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. விசைப்பலகையும் திரையும் இல்லாமல் வந்த அந்தக் கணினியில், காகித நாடாவிலிருந்து பேசிக் நிரல்மொழியை ஏற்றுவதற்குக்கூட சுமார் 20 பைட் நீளமுள்ள ஏற்று நிரலை முதலில் கையால் உள்ளிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டுச் சுவிட்சுகளைச் சரிபார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, பிறகு ‘டெபாசிட் நெக்ஸ்ட்’ சுவிட்சைக் கீழே அழுத்த வேண்டும். கை எடுத்தால் அது தானே நடுவுக்குத் திரும்பும். அடுத்த பைட், மீண்டும் அதே வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் அழிந்து, எல்லாம் முதலிலிருந்து. நகல் செய்பவரும் விருந்தினர் வந்தால் இதைத்தான் செய்து காட்டப் போகிறார். ஆகவே எந்தப் பொருளில் செய்தாலும், விரல் அழுத்தத்துக்கு முகப்பு உள்வாங்குகிறதா என்பதே அதற்கான முதல் சோதனை.

அளவையும் உள்ளடக்கத்தையும் முடிவு செய்தல்

பொருளுக்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உள்ளே உண்மையான எஸ்-100 அட்டைகள் வருமா, அல்லது ஆர்டுயினோ போன்ற சிறு பலகை மட்டும்தானா? முழு அளவா, குறைத்த அளவா?

எஸ்-100 அட்டைகள் வருமென்றால் தேர்வு பெருமளவு தானாகவே முடிந்துவிடுகிறது. அந்த அமைப்பில் தாய்ப்பலகை வழியே சீராக்கப்படாத 8 வோல்ட் ஓடும். ஒவ்வோர் அட்டையிலும் உள்ள சீராக்கி அதை 5 வோல்ட்டாகக் குறைத்து, மிச்சத்தை வெப்பமாக வெளியேற்றும். கனமான மின்மாற்றி, வீட்டு மின்சாரம், வெப்பம் மூன்றும் சேர்ந்த இடத்தில் மரத்தையும் நெகிழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நில இணைப்புக் கொடுத்த உலோகப் பெட்டி, பின்புறம் ஒரு விசிறி, இதற்கு மாற்றில்லை. சிறு பலகை மட்டும் என்றால், 5 வோல்ட் அடாப்டர் பெட்டிக்கு வெளியிலேயே இருந்துவிடும். எந்தப் பொருளும் தகும்.

குறைத்த அளவைப் பலரும் விரும்புவது புரிந்துகொள்ளக் கூடியதே. 46 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியில் கையளவு பலகை ஒன்று மூலையில் கிடப்பது வீண் என்று தோன்றும். மேசையில் இடமும் பிடிக்கும். ஆனால் பெட்டியைக் குறைக்கலாம், சுவிட்சைக் குறைக்க முடியாது. சந்தையில் கிடைக்கும் சிறிய ஒருமுனை நெம்புச் சுவிட்சின் உடல் சுமார் 8 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அடுத்தடுத்து 12 அல்லது 13 மில்லிமீட்டர் இடைவெளியில் அவற்றை வைக்கலாம். அதற்குக் கீழே போனால் திருகுமறை இறுக்கச் சாவி நுழையாது, விரலும் பக்கத்துச் சுவிட்சைத் தட்டிவிடும். எனவே ஏறக்குறைய பாதி அளவு என்பதே நடைமுறை எல்லை. அந்த எல்லையில் செய்த முகப்புகளில் சுவிட்சு பெரிதாகவும் எழுத்து பொடியாகவும் தெரியும். சிலருக்கு அது உறுத்தாது, எனக்கு உறுத்துகிறது.

மடித்த தகடு

மூலத்துக்கு மிக நெருக்கமானது இதுவே. கணக்கு எளிது: ஆறு பக்கங்களின் பரப்பும் சேர்ந்து 7,160 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். மின்மாற்றியும் உள்ளே வருமானால் இரும்பின் திண்மை உதவும். இல்லையென்றால் அலுமினியமே போதும், வீட்டில் அரம் போடவும் துளை பெருக்கவும் அது இணங்கும்.

அலுமினியத்திலும் எந்த ரகம் என்பது முக்கியம். 5052 ரகம் மடிப்பில் விரிசல் விடாது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 6061-ஐ கடினப்படுத்திய நிலையில் வாங்கிக் கூர்மையாக மடித்தால் வெளிவளைவில் மயிரிழை விரிசல்கள் ஓடும். வண்ணம் பூசிய பிறகும் அவை தெரியும். மடிப்புக்கு மிக அருகில் துளை வைத்தாலும் அது நீள்வட்டமாக இழுபடும். வரைபடத்தைக் கொடுக்கும்போது வெளி அளவா, உள் அளவா என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால், இரு மடிப்புகளில் தகட்டின் தடிமன் இருமுறை கூடி, மூடி உட்காராத பெட்டி வந்துசேரும்.

கோவையிலும் அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளிலும் லேசர் வெட்டும் எந்திரமும் மடிக்கும் எந்திரமும் வைத்திருக்கும் பட்டறைகள் ஏராளம். ஆயினும் ஒற்றைப் பெட்டிக்கு அவர்களிடம் அவ்வளவாக வரவேற்பு இருக்காது. எந்திரத்தில் அச்சு மாற்றி, ஒரே ஒரு துண்டை மடித்துவிட்டு, மீண்டும் அச்சு மாற்றுவது அவர்களுக்கு நேர நட்டம். வேறு பெரிய வேலையோடு சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்வார்கள்; காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே வரைபடத்தில் ஆளுக்கொரு பெட்டி செய்துகொள்வது இந்த வழியின் செலவையும் தாமதத்தையும் வெகுவாகக் குறைக்கும்.

பவுடர் கோட்டிங் செய்த தகட்டில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மூடி, அடிப்பாகம், முகப்பு ஆகியவை திருகால் இணைந்திருந்தாலும் மின்வழியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்கலாம். நில இணைப்புத் திருகு வரும் இடத்தில் பூச்சை உப்புத்தாளால் சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை சுத்தம் செய்து, பல்வாஷர் வைத்து முறுக்க வேண்டும்; பிறகு மீட்டரை வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் பெட்டியில் இதைத் தள்ளிப்போட இடமில்லை.

உலோகத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான குறை, கம்பியில்லா இணைப்பு உள்ளே அடங்கிப்போகும் என்பது. வைஃபை கொண்ட பலகையை வைப்பவர்கள் பின்பக்கத்தில் ஆண்டெனாவுக்கு ஒரு துளை விட்டுவிட வேண்டும். உலோகப் பெட்டி எல்லா அலைகளையும் அடைத்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். 1975-இல் கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கணினிக் கழகக் கூட்டத்தில் ஸ்டீவ் டோம்பியர், ஆல்டேர் வெளிவிடும் மின்காந்த இரைச்சலைக் கொண்டே பக்கத்திலிருந்த வானொலிப் பெட்டியை இசைக்கவைத்தார்.

ஆயத்த ரேக் பெட்டி

மேலே சொன்ன அளவு ஒற்றுமை இங்கேதான் கைகொடுக்கிறது. தொழிற்சாலைக் கணினிகளுக்கென விற்கப்படும் நான்கலகு ரேக் பெட்டிகள் சுமார் 430 மில்லிமீட்டர் அகலமும் 177 மில்லிமீட்டர் உயரமும் கொண்டவை. ஆழத்தில் 450 மில்லிமீட்டர் ரகமும் பரவலாக உண்டு. மூல ஆல்டேரோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒரு சில மில்லிமீட்டர்தான். மடிப்பு, திருகு, மூடி, விசிறி இடம், மின்சார நுழைவு எல்லாம் முடிந்து வருகின்றன. பழைய பொருள் சந்தையில் கழித்துப்போட்ட பெட்டி அகப்பட்டால் செலவு இன்னும் குறையும்.

செய்ய வேண்டியது முன்பக்க வேலை. காதுகளையும் கைப்பிடிகளையும் கழற்ற வேண்டும். பூட்டுடன் கூடிய கதவும் வட்டு இயக்கிகளுக்கான கூண்டும் இருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும். கூண்டு ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தால் ரிவிட்டுகளைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். முன்தகட்டின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தபின் பெட்டி லேசாகத் திருகிக்கொள்ளும். அதனால் சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது சட்டமாக விட்டுவைக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் மேல் 2 மில்லிமீட்டர் அலுமினிய முகப்பு உட்காரும்.

முழுமையான ஒற்றுமை கிடைக்காது. பக்கங்களில் தேவையில்லாத காற்றுத் துளைகள் இருக்கும், மூடியின் இணைப்புக் கோடு மூலத்தில் இல்லாத இடத்தில் ஓடும், பின்பக்கத்தில் இன்றைய தாய்ப்பலகைக்கான செவ்வகத் திறப்பு இருக்கும். திறப்பை ஒரு தகட்டால் மூடிவிடலாம். துளைகளைப் பட்டி பார்த்து அடைக்கவும் செய்யலாம். மேசையின் முன் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இவற்றில் பெரும்பாலானவை தட்டுப்படாது. ஆயத்தப் பெட்டியை வாங்கித் திருத்துவது குறுக்குவழி என்று சிலர் கருதுகிறார்கள். ஆல்புகர்க்கியில் நடந்ததும் இதுதான் என்பதால் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

மரம், அச்சு, அக்ரிலிக்

பிளைவுட் பெட்டி வீட்டிலேயே முடிக்கக் கூடியது. கைரம்பமும் மூலைமட்டமும் ஒட்டுப்பசையும் போதும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் முழு அளவுப் பெட்டி, மரத்தின் அடர்த்தியைப் பொறுத்து, ஐந்தரைக் கிலோவை ஒட்டி வரும். இரும்புத் தகட்டின் எடையேதான். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, தேய்த்து, வண்ணம் பூசினால் சற்றுத் தள்ளி நின்று பார்க்க உலோகம் போலவே தோன்றும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை இன்னும் மென்மையான பரப்பைத் தரும். ஆனால் வெட்டிய ஓரங்கள் ஈரத்தை இழுத்து உப்பும் என்பதால் ஓரங்களுக்குத் தனிப் பூச்சு கட்டாயம். மரத்தின் உண்மையான குறை முகப்பில் தெரியவரும். நெம்புச் சுவிட்சின் திருகுக் கழுத்து 9 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ளது; 12 மில்லிமீட்டர் பலகையில் அது மறுபக்கம் எட்டவே எட்டாது. ஆகவே மரப்பெட்டிக்கும் முகப்பு உலோகமாகவே இருக்க வேண்டும்.

மரத்தை மரமாகவே காட்ட வேண்டும் என்று விரும்புபவர்கள் ஆல்டேரை விட்டுவிட்டு வேறு கணினியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1976-இல் வந்த சோல்-20 கணினியின் இரு பக்கங்களும் வால்நட் மரத்தால் ஆனவை. அதே ஆண்டின் ஆப்பிள்-1 பெட்டியே இல்லாமல் வெறும் பலகையாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அவரவர் விருப்பப்படி மரப்பெட்டி செய்துகொண்டார்கள். அங்கே வீட்டுத் தச்சுவேலை வரலாற்றோடு ஒத்துப்போகிறது. ஆல்டேரில் வார்னிஷ் பூசிய தேக்குப் பக்கங்கள் வீணைக்கு இரும்புத் தண்டி வைத்தது போலாகிவிடும்.

முப்பரிமாண அச்சைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் பதில் அவர்களுக்கு ஏமாற்றம் தரக்கூடும். வீடுகளில் பரவலாக உள்ள அச்சுப்பொறியின் மேடை 220 மில்லிமீட்டர் சதுரம். 43 சென்டிமீட்டர் அகலப் பக்கத்துக்கு இரண்டு துண்டுகள் வேண்டும்; மேல்மூடிக்கு, 46 சென்டிமீட்டர் ஆழத்தையும் சேர்த்தால், குறைந்தது ஆறு. முழுப்பெட்டிக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் பி.எல்.ஏ. என்ற நெகிழி இழை செலவாகும். அகலமான தட்டைத் துண்டுகள் மூலையில் தூக்கிக்கொள்ளும் இயல்புள்ளவை. ஒட்டிய இணைப்புகளை மறைக்கப் பட்டியும் உப்புத்தாளும் கொண்டு தேய்க்கும் வேலை, அச்சடித்த வேலையைவிடப் பெரிதாகிவிடும். பி.எல்.ஏ. 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். நம் ஊர்க் கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது எட்டக் கூடிய வெப்பமே. பி.இ.டி.ஜி. சுமார் 80 பாகைவரை தாங்கும்; ஏ.பி.எஸ். நூறைத் தாண்டும், ஆனால் அச்சிடும்போதே அதிகம் வளையும்.

அச்சுப்பொறி சிறந்து விளங்குவது வேறிடத்தில். மூலைத் தாங்கிகள், எல்.இ.டி. விளக்குகளை வரிசையாகப் பிடிக்கும் சட்டங்கள், பலகையைத் தூக்கி நிறுத்தும் கால்கள் ஆகியவை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பொருந்தாவிட்டால் அளவைத் திருத்தி மீண்டும் எடுக்கலாம். பாதி அளவு நகல் செய்பவர்களுக்கு மட்டும் முழுப்பெட்டியையும் அச்சிடுவது ஓரளவு பொருந்தும், ஏனெனில் ஆழத்தை இன்னும் சற்றுக் குறைத்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கமும் ஒரே துண்டாக மேடையில் அடங்கிவிடும்.

அக்ரிலிக்கைச் சுருக்கமாகவே முடிக்கலாம். லேசர் வெட்டு துல்லியமானது, கருப்பு அக்ரிலிக் பளபளப்பானது, ஆனால் திருகு இறுக்கும் இடத்தில் விண்டுபோகும். பளபளப்பு ஆல்டேருக்கு உரியதும் அல்ல. ஆல்டேரின் போட்டியாளராக வந்த இம்சாய் 8080-இன் முகப்பு அக்ரிலிக் அடுக்குகளால் ஆனது. சிவப்பும் நீலமுமான பட்டைச் சுவிட்சுகள் கொண்டது. அதை நகலெடுப்பவருக்கு அக்ரிலிக்கே சரியான தேர்வு.

முகப்பு

இங்கேதான் பணத்தையும் பொறுமையையும் செலவிட வேண்டும். ஒரு தகட்டின் விறைப்பு, பொருள் வளைவதை எதிர்க்கும் அளவான மீள்மைக் கெழுவையும் தடிமனின் முப்படியையும் பொறுத்தது. அலுமினியத்தின் கெழு சுமார் 70 கிகாபாஸ்கல், அக்ரிலிக்குடையது 3. கணக்கிட்டுப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் அலுமினியம், 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு விறைப்பானது. அச்சிட்ட 3 மில்லிமீட்டர் பி.எல்.ஏ. தகடும், 1.6 மில்லிமீட்டர் மின்சுற்றுப் பலகையும் அக்ரிலிக்கை ஒட்டியே நிற்கும். 43 சென்டிமீட்டர் நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் இவற்றில் எதை வைத்தாலும், நடுவிலுள்ள சுவிட்சை அழுத்தும்போது முகப்பு மெல்ல உள்ளே போய் வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

அதனால் முகப்பை இரண்டு அடுக்காகப் பிரிப்பது என் பரிந்துரை. உள்ளே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. சுவிட்சுகள் அதில்தான் திருகுமறையால் இறுகும். வெளியே எழுத்துகள் தாங்கிய மெல்லிய முகம். அதில் சுவிட்சுக்கான துளைகள் திருகுமறையை விடச் சற்றுப் பெரியவை, எனவே அது எந்தச் சுமையையும் ஏற்காது. மூல ஆல்டேரிலும் எழுத்து அச்சிட்ட அலங்காரத் தகடு தனியாகவே வந்தது. வெளிமுகம் சுமை தாங்க வேண்டியதில்லை என்றான பிறகு, அதை எதில் செய்வது என்ற கேள்வி எளிதாகிவிடுகிறது. தோற்றத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தோற்றத்தில் முதலிடம், வண்ணம் பூசிய அலுமினியத்தில் திரை அச்சு. மூலத்தில் இருந்ததும் அதுவே. வெள்ளை எழுத்து கருப்புப் பரப்பின்மேல் சற்றே புடைத்து நிற்கும். விரலால் தடவினால் தெரியும். பெயர்ப்பலகையும் எந்திர முகப்புகளும் செய்யும் திரை அச்சுக்காரர்கள் இதைச் செய்வார்கள். ஒற்றைத் தகட்டுக்கும் சட்டம் தயாரிக்கும் செலவு முழுதாக வரும். அடுத்த நிலையில் புற ஊதா மையில் நேரடியாக உலோகத்தில் அச்சிடும் முறை. சட்டம் தேவையில்லை, ஒன்றுக்கும் செய்து தருவார்கள். கருப்பின்மேல் வெள்ளை மை ஒரே பூச்சில் சாம்பலாகத் தெரிந்தால் இரண்டு பூச்சு கேட்க வேண்டும்.

மின்சுற்றுப் பலகையையே முகமாக்குவது அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் உத்தி. கருப்புக் காப்புப் பூச்சின்மேல் வெள்ளை எழுத்தோடு, எல்லாத் துளைகளும் துல்லியமாக வெட்டப்பட்டு வந்துவிடும். சிறு நகலுக்கு இது மலிவானது, நேர்த்தியானது. முழு அகலத்துக்குப் போகும்போது பலகையின் விலை சட்டென்று ஏறிவிடும். நிறத் தேர்வும் தயாரிப்பாளர் வைத்திருக்கும் சில நிறங்களோடு முடிந்துவிடும். வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது மிகமிக மலிவு. துளைகளின் விளிம்பிலிருந்து அது உரியத் தொடங்கும் என்பதால், வெளிமுகத்தைச் சரிபார்ப்பதற்கான தற்காலிக ஏற்பாடாக மட்டுமே அதை நான் கருதுவேன்.

விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் 1975-ஆம் ஆண்டுக்கு மிகவும் பிரகாசமானவை. தெளிந்த கண்ணாடி போன்ற ரகத்தைத் தவிர்த்து, பால்படர்ந்த சிவப்பு ரகத்தை வாங்கி, மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். டியூ பலகையின் 3.3 வோல்ட்டில் 1 கிலோ ஓம் மின்தடை வைத்தால் ஒன்றரை மில்லிஆம்பியர் அளவே ஓடும், அதுவே போதும்.

சுவிட்சுகளை வாங்கும்போது இரண்டு வகைகள் தேவை என்பதை மறக்கக் கூடாது. முகவரிச் சுவிட்சுகள் மேலோ கீழோ நிற்பவை. கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள் இருபுறமும் அழுத்தக் கூடிய, விட்டால் நடுவுக்குத் திரும்பும் வகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் முதல் வகை எளிதாகக் கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டால், நடுவில் நிற்கும் ஆனால் தானே திரும்பாத வகையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடையிலேயே தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். நெம்பின் நீளமும் தடிமனும் இரு வகையிலும் ஒன்றுபோல் இருக்க ஒரே தயாரிப்பாளரின் சரக்காகக் கேட்பது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது

எஸ்-100 அட்டைகளோடு முழு அளவில் செய்பவர் தகட்டுப் பெட்டியைப் பட்டறையில் செய்துகொள்ளட்டும். நில இணைப்புக்கும் வெப்பத்துக்கும் அதுவே பொருத்தம், செலவும் அதில் நியாயமாகிறது. சிறு பலகையோடு முழு அளவு நகல் செய்பவருக்கு நான்கலகு ரேக் பெட்டியும் தனியே செய்த இரண்டடுக்கு முகப்பும் போதும். பணம், காலம், தோற்றம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதுவே முதல் தேர்வு. பட்டறை எட்டாத ஊரில் இருப்பவர், பிளைவுட் கூட்டில் அலுமினிய முகப்பைப் பொருத்திக்கொள்ளலாம். வண்ணப் பூச்சில் மட்டும் அவசரப்படக் கூடாது. மேசை நகலுக்கு மின்சுற்றுப் பலகை முகமும் அச்சிட்ட பெட்டியும் ஒன்றுக்கொன்று இசைவானவை. அக்ரிலிக் பெட்டியை எந்த நிலையிலும் ஆல்டேருக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலையின் வரிசை ஒன்றே. முகப்பின் வரைபடத்தைக் கோணத்தில் எடுத்த ஒளிப்படத்திலிருந்து அளக்காமல், அளவிட்ட வரைபடத்திலிருந்து போட வேண்டும். ஒளிப்படத்தில் ஓரங்கள் சுருங்கி, இடக்கோடிச் சுவிட்சுகள் நெருங்கிவிடும். வரைபடத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அச்சுப்பொறி தானாக அளவைக் குறைத்துவிடவில்லை என்பதை அளவுகோலால் உறுதிசெய்து, கெட்டி அட்டையில் ஒட்டி, சில துளைகளை வெட்டிக் கையிலுள்ள சுவிட்சுகளைச் செருகிப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சுவிட்சைத் தொடாமல் ஒன்றை மட்டும் விரலால் தட்ட முடிகிறதா, எழுத்து நெம்புக்குப் பின்னால் மறைகிறதா என்பதெல்லாம் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு உலோக முகப்பை வெட்டக் கொடுக்கலாம்; அது கைக்கு வந்து, அகலத்தையும் உயரத்தையும் வெர்னியரால் அளந்த பின்னரே பெட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.